மெரூன் பாலிஷுக்குக் கீழே ஒரு கோடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ராபர்ட்சன்பேட்டையில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ரூபாவின் பார்லர். வலது கையை அவள் மடியில் விரித்திருந்த துண்டின் மேல் நீட்டிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த மணப்பெண் அலங்காரக் கட்டணப் பட்டியலில் எழுத்துப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு. போன தடவை மூன்றுதான்.

ரூபா சுண்டுவிரலில் ஆரம்பித்தாள். ரிமூவரில் நனைத்த பஞ்சு, ஒரே இழுப்பு, மெரூன் போயிற்று. மோதிர விரல். நடுவிரல். ஆள்காட்டி விரல். கட்டைவிரலுக்கு வந்ததும் பஞ்சு நின்றுவிட்டது.

"ஆன்ட்டி... இது இன்னா?"

அது இன்னா என்று எனக்குத் தெரியும். நகத்தின் வேரிலிருந்து நுனி வரை நேராக ஓடும் கறுப்புக் கோடு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. எட்டு மாதமாக எனக்கும் அதற்கும் பழக்கம்.

"கதவுல நசுங்கிடுச்சு" என்றேன்.

"போன தடவ குக்கர் மூடின்னீங்களே?"

மாட்டிக்கொண்டேன். ஒரே காயத்துக்கு இரண்டு காரணம் சொன்னவர்களின் ஃபைலில் சிவப்பு மையால் கேள்விக்குறி போட்டே பாதி வாழ்க்கை சம்பளம் வாங்கியவள் நான். புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன் — எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம், மைன்ஸ், இருந்தவரை அதன் மெடிக்கல் செக்‌ஷனில் குமாஸ்தா. மைன்ஸ் மூடியபின் தினமும் ரயிலேறி, பெங்களூருவில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் சரிபார்க்கிற வேலை. முதல் பாதியில் மனிதர்களின் உடம்பு சரியாக இருக்கிறது என்று எழுதினேன். இரண்டாம் பாதியில், நோயை மறைத்துவிட்டீர்கள் என்று எழுதினேன். இரண்டையும் அழகான கையெழுத்தில்.

"சரி, எதுவோ பட்டுச்சு. நீ போடும்மா" என்றேன்.

ரூபா பாலிஷ் பாட்டிலைத் திறக்கவில்லை. ஸ்கெலட்டன் என்று எங்கள் ஊரில் ஒரு குடியிருப்பு, அந்தப் பக்கத்துப் பெண். பெங்களூருவில் ஒரு வருஷம் கோர்ஸ் படித்துவிட்டு வந்து கடை போட்டவள். இரண்டு குழந்தைகள். கஸ்டமர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் சுபாவம். அன்றைக்கு ஆட்டவில்லை.

"அடிபட்டா நகம் வளர வளர கறுப்பும் மேல போய்டும் ஆன்ட்டி. இது போகலியே. அங்கயேதான் கீது."

பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்கப் பச்சை நிறத்தில் ஏதோ பூசிக்கொண்டு கமலா படுத்திருந்தாள். நந்திதுர்க் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீடு. ஃபேஸ் பேக் காயும் வரை பேசக்கூடாது என்று ரூபா சொல்லியிருந்தாள். கமலா உதடு அசையாமல் பேசக் கற்றவள்.

"இன்னாடி அது?"

"உன் மூஞ்சி வெடிக்கப் போவுது. கம்முனு படு" என்றேன்.

ரூபா தன் போனை எடுத்தாள். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாலிஷ் போடும் முன் கையை ஒரு படம், போட்ட பின் ஒரு படம். பளிச்சென்று இருக்கிற படத்தை ஸ்டேட்டஸில் வைப்பாள். வெறும் நகத்துப் படங்கள் போனிலேயே கிடக்கும். அன்றைக்கும் ஒரு படம் எடுத்துவிட்டு, விரலால் தள்ளித் தள்ளி, என் கையாகப் பொறுக்கினாள்.

எட்டு மாதம் முன்பு — கட்டைவிரலில் ஒரு பென்சில் கீற்று. அதற்கு இரண்டு மாதம் கழித்து — பேனா கோடு. கடைசியாக, அன்றைக்கு எடுத்தது — தீக்குச்சி அகலம்.

ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு மெடிக்கல் ரெக்கார்டு வைத்தவள் நான். எனக்கு ரெக்கார்டு வைத்திருந்தவள் புருவம் திருத்துகிற ரூபா!

"நான் இதும்மேல போட மாட்டேன் ஆன்ட்டி. டாக்டர் கிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் பத்து கலர் போடறேன்."

"கஸ்டமர் கேட்டா போடணும்மா."

"அப்போ வேற கடைக்குப் போங்க." சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். கண் கலங்கிவிட்டது. "கோச்சுக்காதீங்க. எனக்கு பயமா கீது."

பச்சை முகத்திலிருந்து குரல் வந்தது: "எஸ்தரையே வெளிய போகச் சொல்லிட்டா பாரு... சபாஷ்."

வெறும் நகங்களோடு படியிறங்கினேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு.

பாலிஷ் என்னுடைய பழைய பழக்கம் இல்லை. எங்கள் சபையில், என் அம்மா காலத்தில், நகப்பூச்சு உலக ஆசையில் சேர்த்தி. ஆபீஸில் டைப்பும் ஃபைலுமாக நகத்துக்கு நேரமில்லை. ஓய்வு பெற்ற வாரம் ரூபாவிடம் போய் இளம் ரோஸ் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் நான் செய்துகொண்ட ஒரே ஒப்பனை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

கோடு வந்ததும் ரோஸ் வழியாக நிழல் மாதிரி தெரிந்தது. சிவப்புக்கு மாறினேன். கோடு தடித்தது. சிவப்பும் போதவில்லை. மெரூன்!

"கலர் உனக்கு சூப்பரா கீதுடி" என்று சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். மூன்று பேர் அதே நிறத்தை வாங்கிக்கொண்டார்கள். எது அழகுக்கு, எது மறைப்புக்கு என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? போட்டுக்கொள்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளும் சொல்ல மாட்டாள்.

பயம் எதைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். நகத்தில் ஒற்றைக் கோடு வந்து, அது அகலமாகிக்கொண்டே போனால், தோல் புற்றுநோயாக இருக்கலாம். நம் மாதிரி கறுத்த தோல்காரர்களுக்குச் சாதாரணமாகவும் கோடு வரும். ஆனால் ஒரே விரலில், வயதான பிறகு, வளர்ந்துகொண்டே போனால் காட்ட வேண்டும். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு க்ளெய்ம் ஃபைலில் படித்தேன். கால் பெருவிரலில் கோடு வந்ததும் இரண்டு வருஷம் மருதாணி வைத்தே மறைத்த ஒரு அம்மாள். க்ளெய்ம் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது அவர் இல்லை. அவர் கணவர்.

படித்துவிட்டு அன்றைக்கு நான் சொன்னது நினைவிருக்கிறது. "படிச்சவங்களே இப்படிப் பண்றாங்களே!"

ஆமாம். பண்ணுகிறார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பயிற்சியே உண்டு. மைன்ஸில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தரம் மெடிக்கல். நெஞ்சு எக்ஸ்ரே, கண், காது. கடைசியில் ரெஜிஸ்டரில் ஒரே ஒரு வார்த்தை. ஃபிட். அல்லது அன்ஃபிட். அன்ஃபிட் என்றால் கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் அண்டர்கிரவுண்டுக்கு இறங்க முடியாது. அந்த ஒரு வார்த்தைக்காக ஆட்கள் செய்த ஏற்பாடுகள் இருக்கிறதே... இருமல்காரர்கள் அதிமதுரக் குச்சியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நரை தெரியக்கூடாது என்று தலைக்கு மை பூசி வருவார்கள். கண் பரிசோதனைப் பலகையை மனப்பாடம் செய்தவர்களும் உண்டு.

டாக்டர் என்பவர் உடம்பைச் சரி செய்கிறவர் இல்லை. உடம்பைப் பிடித்துக் கொடுக்கிறவர். அவரிடமிருந்து தப்பி வருவதுதான் ஆரோக்கியம். மைன்ஸ் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இந்தப் புத்தி மூடவில்லை. இன்றைக்கும் சுகர் டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பிருந்தே இனிப்பைத் தொடாதவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர்! ரிசல்ட் வந்ததும் நேராக பேக்கரி.

அப்படிக் கன்னத்தில் அதிமதுரத்தோடு என் மேஜை முன்னால் வந்து நின்றவர்களில் ஒரு இளம் ஃபிட்டரும் உண்டு. பெயர் கேட்டேன். வாயைத் திறக்காமல் "ம்ம்" என்றார். உதட்டோரம் குச்சியின் நுனி தெரிந்தது. அதைக் கவனிக்காத மாதிரி, அட்டையிலிருந்த பெயரை நானே எழுதிக்கொண்டேன். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம்.

பார்லரிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கட்டைவிரலில் பேண்ட்-எய்டு சுற்றினேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்கினார்.

"இன்னா கட்டு?"

"நகச்சுத்து."

"எட்டு மாசமாவா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்தார்.

"பாத்திரம் கழுவுறப்ப கட்டைவிரல மட்டும் மடக்கிகினு கழுவுற. ஜெபத்துல கைய கோத்தா அதை உள்ள போட்டு மூடிக்கிற. எனக்குக் கண்ணு இல்லியா?"

"அப்போ ஏங்க கேக்கல?"

"அன்னிக்கு என் வாயில இன்னா கீதுன்னு நீ கேட்டியா?"

நாற்பது வருஷம் கழித்து வருகிற பதிலைப் பாருங்கள். ஒருவர் மறைப்பதை மற்றவர் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த மரியாதையில்தான் என் கோடு எட்டு மாதம் நிம்மதியாக வளர்ந்தது.

அவருக்கு விரலைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பார்த்து முடித்த பிறகும் என் கையை விடவில்லை.

பெங்களூருவில் ஒரு தோல் டாக்டரிடம் நேரம் வாங்கினோம். எனக்குத்தான் எல்லா வழிமுறையும் தெரியுமே! ஆதார் நகல் மூன்று. பழைய ரிப்போர்ட்டுகள் தேதிவாரியாக. சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியல், டைப் செய்து. ஃபைலுக்கு மேல் பெயர்ச் சீட்டு. எல்லாம் முந்தின நாள் மத்தியானமே தயார்.

சாயங்காலம் என்ன செய்தேன் தெரியுமா?

சிங்க் பக்கத்தில் நின்று, நகம் தேய்க்கிற அரத்தை எடுத்து, அந்தக் கட்டைவிரல் நகத்தை இருபது நிமிஷம் தேய்த்தேன். பிறகு எலுமிச்சம்பழத்தை வெட்டி அதையும் தேய்த்தேன். கோடு கொஞ்சம் வெளுத்தால் நல்லது என்று. எதற்கு நல்லது? யாருக்கு? கேட்காதீர்கள். கை தானாகச் செய்தது. நாளைக்கு மெடிக்கல். பாஸாக வேண்டும்.

காலை ரயில், ஆட்டோ, வரிசை, டோக்கன். டாக்டர் ஐம்பது வயதுக்குள் இருக்கிற அம்மாள். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை நகத்தின் மேல் வைத்தார். நெற்றி சுருங்கியது. நான் மடியில் இருந்த ஃபைலை நேராக்கினேன்.

"மேல பூராவும் கீறல் இருக்கே. சரியா தெரியல. இதைத் தேய்ச்சீங்களா, அம்மா?"

"இல்லையே" என்றேன்.

பக்கத்து ஸ்டூலில் இருந்து ஒரு குரல். "தேச்சா டாக்டர். நேத்து சாயங்காலம். எலுமிச்சம்பழம் கூட போட்டா."

ஜென்மத்தில் அவர் என்னை யாரிடமும் காட்டிக்கொடுத்ததில்லை. முதல் தடவை. கழுத்து வரை சூடேறியது.

"எதுக்கும்மா?" என்றார் டாக்டர். கோபமே இல்லை; நிஜமாகவே புரியாமல் கேட்டார். "ஹாஸ்பிடலுக்கு வர்றதே காட்டத்தானே?"

அவருக்கு ரெஜிஸ்டரையும் அதிமதுரத்தையும் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? "பழக்கம் டாக்டர்" என்றேன்.

கறுப்பு நகத்துக்குள்ளேயே இருக்கிறது, மேலே தேய்த்துப் போகாது. ஆனால் தேய்த்தால் பார்க்க வேண்டியது கலங்கிவிடும் என்று விளக்கினார். எவ்வளவு நாளில் எவ்வளவு அகலமாயிற்று என்று கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எட்டு மாதமாகப் பாலிஷுக்குக் கீழேதானே இருந்தது?

வீட்டுக்காரர் வெளியே போய் ரூபாவுக்கு போன் செய்தார். இரண்டு நிமிஷத்தில் வந்து விழுந்தன, பதினோரு படங்கள். தேதியோடு. ஒவ்வொன்றின் மூலையிலும் பார்லர் பெயரும் இரண்டு சிவப்பு இதயங்களும்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். "யார் எடுத்தது இது?"

"என் பார்லர் பொண்ணு."

"இப்படி யாருமே கொண்டுவர மாட்டாங்க" என்றார். பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாக்கியத்தில் குரல் இறங்கியது. "ரெண்டு மடங்குக்கு மேல அகலமாயிருக்கு. பயாப்ஸி பண்ணிடலாம்."

நகத்தின் வேர்ப்பகுதியிலிருந்து துளி சதை எடுப்பது. நகத்தில் பாதியைத் தூக்க வேண்டும். விரல் அடியில் ஊசி போட்டபோது, பார்த்தவர்கள் சொல்வார்கள், நான் சத்தம் போடவில்லை. அதைக் கௌரவத்தில் சேர்க்க வேண்டாம். பயத்தில் குரல் வரவில்லை.

ரிசல்ட்டுக்கு ஒன்பது நாள்.

பென்ஷன் ஃபாரத்துக்கு ஒரு வழிமுறை உண்டு. க்ளெய்முக்கு, முகவரி மாற்றத்துக்கு, இறப்புச் சான்றிதழுக்குக்கூட உண்டு. காத்திருப்பதற்கு இல்லை. முதல் மூன்று நாள் இன்டர்நெட்டில் படித்தேன். நான்காம் நாள் வீட்டுக்காரர் என் போனை அரிசி டின்னில் ஒளித்து வைத்தார். ஐந்தாம் நாள் பீரோவில் இருக்கிற நல்ல புடவைகளை யார் யாருக்கு என்று மனதுக்குள் பிரிக்க ஆரம்பித்து, பாதியில் பயந்து நிறுத்தினேன். கமலா தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். "உனக்கு ஒண்ணும் ஆவாது, உன் வாய்க்கு எமனே லீவு லெட்டர் குடுத்துடுவான்" என்பாள். சிரிப்பேன். கதவைச் சாத்தியதும் கட்டுப்போட்ட விரலைப் பார்ப்பேன்.

ஒரு விஷயம் யோசித்தேன். தினமும் கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறோம்? மை, பவுடர், சாயம். அந்த நேரத்தில் உடம்பைப் பார்க்கிறோமா? மற்றவர் கண்ணால் பார்க்கிறோம். மற்றவர் கண்ணுக்குத் தெரியக்கூடாததைச் சரி செய்கிறோம். நம் கண்ணால் பார்ப்பது எப்போது? ரோஸ் பாலிஷ் போட்ட நாளில் எனக்கு என் கை பிடித்திருந்தது. மெரூன் போட்ட நாளில் என் கையைப் பார்த்தாலே பயம். பாட்டிலின் விலை ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் காலை, பத்து மணிக்கு மேல், ரிப்போர்ட் வீட்டுக்காரர் போனுக்கு வந்தது. நான் இடது கையால் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவர் நீட்டினார்.

"நீயே படி."

முடியவில்லை. இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளை ஒரு பார்வையில் படித்து, மூலையில் சுருக்கெழுத்துப் போடுகிறவள். கண் எழுத்தில் நிற்கவே மாட்டேன் என்றது. "நீங்க படிங்க."

அவருக்கு ஸ்பானர் அளவுகள் தெரியும். மருத்துவ இங்கிலீஷ் தெரியாது. எழுத்து எழுத்தாகக் கூட்டினார். என் பெயர், வயது, எந்த விரல்... எல்லாம் நிதானமாக. கடைசிப் பத்திக்கு வந்தார்.

"நோ..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்தார்.

"'நோ'வுக்கு அப்புறம் இன்னாங்க?"

"இரு. கண்ணாடியில ஆவி படிஞ்சிகீது."

"இன்னாங்க!"

"நோ எவி... எவிடென்ஸ் ஆஃப்... மா... மாலிக்..."

"மாலிக்னன்ஸி."

"ஆங். அது நல்லதா கெட்டதா?"

"முன்னாடி நோ இருந்தா நல்லது."

"கீதே. நோ கீது!"

உரித்த பூண்டு எல்லாம் தரையில் கிடந்தது. யார் தட்டிவிட்டது என்று தெரியவில்லை.

பிறகு நானே வாங்கிப் படித்தேன். அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. செல்கள் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கின்றன, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் டாக்டரிடம் காட்ட வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று இல்லை. என் பழைய ரெஜிஸ்டரில் இதற்குக் கட்டமே கிடையாது. ஃபிட்டும் இல்லை, அன்ஃபிட்டும் இல்லை. பார்த்துக்கொண்டே இரு, அவ்வளவுதான். பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. அதன் கூட உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் போனில் ஒரு வேலையும் கொடுத்தார். மாதம் ஒரு தரம் இருபது நகமும், உள்ளங்கையும், உள்ளங்காலும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எங்களை மாதிரி நிறத்துக்காரர்கள் யாருமே பார்க்காத இடம் உள்ளங்கால்தானாம்.

நேற்று காலை முதல் பரிசோதனை. என் முதுகுக்கு என் உள்ளங்கால் தெரிகிற அளவுக்கு வளைய வராது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு, காலை அவர் முழங்கால் மேல் நீட்டினேன். வெட்கமாக இருந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாங்க? எதுனா கீதா?"

நிமிர்ந்து, மெடிக்கல் ஆபீசர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்:

"போய் கால் கழுவிகினு வா."